ஃபெதர்பெட் ஃப்ரேமில் டைகர் 110 எஞ்சின்: இரண்டு முறை பூட்டிய ஒரு டிரைட்டன்

பின்னணி

டிரையம்ஃப் எஞ்சினும் நார்ட்டன் ஃப்ரேமும் சேர்ந்த வண்டியை டிரைட்டன் என்பார்கள். அந்த இரண்டு கம்பெனியுமே அப்படியொரு வண்டியைச் செய்ததில்லை. அது இங்கிலாந்துப் பட்டறைகளில் பிறந்தது. பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் வடிவமைத்த ஃபெதர்பெட் ஃப்ரேம் 1950இல் நார்ட்டனின் பந்தய வண்டிகளுக்கு வந்தது. வளைவில் நெளியாத ஃப்ரேம் என்று உடனே பெயர் வாங்கியது. அதே காலத்தில் 500 சிசி ஃபார்முலா 3 கார் ஓட்டியவர்களுக்கு மேங்க்ஸ் நார்ட்டன் எஞ்சின் தேவைப்பட்டது. நார்ட்டன் எஞ்சினைத் தனியாக விற்கவில்லை. முழு வண்டியை வாங்கி எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டார்கள். எஞ்சின் இல்லாத ஃப்ரேம்கள் மலிவாக வெளியே வந்தன. டிரையம்ஃபின் 649 சிசி ட்வினோ (இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்) எங்கும் கிடைத்தது, திறன் ஏற்றவும் எளிது. 1965இல் பார்சிலோனாவின் 24 மணி நேரப் பந்தயத்தில் டேவ் டெகன்ஸும் ரெக்ஸ் புட்சரும் ட்ரெஸ்டா பட்டறையின் ஒரு டிரைட்டனில்தான் வென்றார்கள்.

ஆக இந்த ஜோடிக்கு 60 ஆண்டுக்கும் மேலான வழக்கம் உண்டு. எஞ்சினை ஃப்ரேமோடு சேர்த்துப் பிடிக்கும் பிளேட்டுகள்கூடத் தயாராக விற்கின்றன. அப்படியிருந்தும் இங்கே பதிவாகும் வண்டி 640 மைலில் பிரிக்கப்பட்டு மறுபடி பூட்டப்பட்டது. எஞ்சினை ஃப்ரேமுக்குள் நிறுத்தியதில் தவறு எதுவும் இல்லை. தவறுகள் இருந்தது அதைச் சுற்றிப் பிடித்தவற்றில் மூன்று, எஞ்சினுக்குள் ஒன்று, ஆக நான்கு.

வண்டிக்காரர் இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதிக்காரர். அவரிடம் 1961 நார்ட்டன் டாமினேட்டர் 99இன் ஸ்லிம்லைன் ஃப்ரேம் (ஃபெதர்பெட்டின் பின்னாளைய குறுகிய வகை) இருந்தது. ரோட்ஹோல்டர் முன் ஃபோர்க், இரண்டு 19 அங்குலச் சக்கரம், நார்ட்டனின் தாய்க் கம்பெனியான ஏ.எம்.சி.யின் கியர்பாக்ஸ் எல்லாம் அதோடு இருந்தன. எஞ்சின் மட்டும் அவர் வாங்குவதற்கு முன்பே போய்விட்டது. தனியாக 1957 டிரையம்ஃப் டைகர் 110 எஞ்சின் ஒன்று வைத்திருந்தார். அதன் ஃப்ரேம் எங்கே போனதென்று தெரியாது. முழு வண்டி ஒன்றைப் பிரித்து டிரைட்டன் செய்வது இன்று பலருக்கு உறுத்தும் காரியம். இங்கே இரண்டுமே ஏற்கெனவே அனாதைகள் என்பதால் அந்தப் பேச்சு எழவில்லை.

பட்டறைக்கு வந்த நிலை

எஞ்சின் வெளியில் இன்னொருவரிடம் பிரித்துப் பூட்டப்பட்டு வந்தது. சிலிண்டர் துளைத்து 40 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருந்தார்கள். கிராங்க் ஷாஃப்ட் பழைய மூன்று துண்டு வகை: இரண்டு அரைக் கிராங்கு, நடுவே போல்ட்டால் இறுக்கிய ஃப்ளைவீல். பின்னால் தீப்பொறிக்கு லூகாஸ் கே2எஃப் மேக்னெட்டோ, முன்னால் மின்சாரத்துக்கு லூகாஸ் இ3எல் டைனமோ, ஒற்றை அமல் மோனோபிளாக் கார்புரேட்டர். புது பிஸ்டன் போட்ட பிறகு கிராங்கை பேலன்ஸ் செய்தார்களா என்று பில்லில் ஒரு வரியும் இல்லை. பட்டறையும் கேட்கவில்லை. இந்தக் கேள்வி பிறகு வரும்.

ஃப்ரேம் அப்போதுதான் பவுடர் கோட்டிங் முடிந்து கறுப்பாக மின்னிக்கொண்டிருந்தது. லக் (எஞ்சினைப் பூட்டும் காது) முகங்களிலும் துளைகளுக்குள்ளும் பூச்சு ஏறியிருந்தது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பழைய சாமான் சந்தையில் வாங்கிய ஒரு செட் அலுமினிய பிளேட்டும் கூடவே வந்தது. 6 மி.மீ. தடிமன். வைத்துப் பார்த்ததில் அது ஃபெதர்பெட்டின் முந்தைய அகல வகையான வைட்லைன் ஃப்ரேமுக்கும் டிரையம்ஃப் கியர்பாக்ஸுக்கும் வெட்டியது என்று தெரிந்தது. யாரோ அதை வேறு வண்டிக்கு ஏற்ற முயன்று மூன்று துளையை அரத்தால் நீளமாக இழுத்திருந்தார்கள். இழுத்த துளையில் போல்ட் உராய்வின் பிடிப்பில் மட்டும்தான் நிற்கும். பக்கவாட்டு விசை வந்தால் நகரும். அந்த செட்டை அப்போதே ஒதுக்கியது சரியான முடிவு.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு கியர்பாக்ஸ் பற்றியது. டிரையம்ஃபின் தனி கியர்பாக்ஸைத் தேடி வாங்கலாம், அல்லது கையில் உள்ள ஏ.எம்.சி. பாக்ஸையே வைக்கலாம். இரண்டாவதே தேர்வானது. ஏ.எம்.சி. பாக்ஸ் உறுதியானது, நார்ட்டன் பின் சக்கரத்தோடு அதன் செயின் கோடு ஏற்கெனவே ஒத்துப்போகும், கிளட்ச்சும் கையில் இருக்கிறது. எஞ்சினிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் பிரைமரி செயினும் தடையில்லை: இரண்டு கம்பெனியும் இந்த வண்டிகளில் அரை அங்குல பிட்ச், 5/16 அங்குல அகல ஒற்றை வரிசைச் செயினைத்தான் போட்டன.

இரண்டாவது, டைனமோவை வைத்துக்கொள்வது. பல டிரைட்டன்களில் டைனமோவை எடுத்துவிட்டு அதன் இடத்தை மூடி, ஆல்டர்னேட்டருக்கு மாறுவார்கள். அதற்கு கிராங்கின் இடது முனை ரோட்டர் ஏற்கும் வகையாக இருக்க வேண்டும். 1957 டைகர் 110இல் அந்த முனையில் ஸ்பிரிங் வைத்த ஷாக் அப்ஸார்பர் உட்கார்ந்திருக்கிறது. கிராங்கையே மாற்றுவதற்குப் பதில், எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்டு அதே டைனமோவை 12 வோல்ட்டில் ஓட்டுவது என்று தீர்மானித்தார்கள்.

மூன்றாவது, பிளேட்டுகளைப் புதிதாக 10 மி.மீ. 6082-டி6 அலுமினியத்தில் வெட்டுவது. ஃபெதர்பெட்டில் பின் பிளேட் ஜோடி எஞ்சினின் பின் லக்கையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பிடிக்கிறது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள தூரம் அந்த ஒரே துண்டில் தீர்மானமாகிவிடும். முன் ஜோடி எஞ்சினின் முன் லக்கை ஃப்ரேமின் முன் லக்கோடு சேர்க்கும்.

பிளைவுட் மாதிரி

அலுமினியத்தைத் தொடும் முன் 9 மி.மீ. பிளைவுட்டில் நான்கு பிளேட்டும் செய்தார்கள். சிலிண்டர், ஹெட், ராக்கர் பாக்ஸ், மேக்னெட்டோ, டைனமோ, கார்புரேட்டர் எல்லாம் பூட்டிய எஞ்சினை மரக்கட்டைகள் மேல் ஃப்ரேமுக்குள் நிறுத்தி, கீழ்க் குழாய்களுக்கு மேல் கிராங்கேஸ் எவ்வளவு தாழ உட்காரும் என்று பார்த்தார்கள். இந்த வேலையில் எஞ்சின் முன்னாலும் தாழ்வாகவும் இருப்பது நல்லது. முன் சக்கரத்தில் எடை ஏறும், கார்புரேட்டருக்குப் பின்னால் இடம் கிடைக்கும். ஆனால் மிகவும் தாழ்த்தினால் சம்ப் வடிகட்டி மூடியைக் கழற்றக் கை போகாது. கடைசியில் கேஸுக்கும் குழாய்க்கும் நடுவே 11 மி.மீ. விட்டார்கள்.

பின்பக்கம் நெருக்கடி மேக்னெட்டோவில் வந்தது. ஏ.எம்.சி. கியர்பாக்ஸ் கீழ் போல்ட்டில் சுழன்று மேல் போல்ட்டில் முன்பின் நகரும். பிரைமரி செயினை இறுக்குவதும் தளர்த்துவதும் அப்படித்தான். பாக்ஸை முழுக்க முன்னால் தள்ளியபோது அதன் தலைக்கும் மேக்னெட்டோவுக்கும் நடுவே 8 மி.மீ. மிஞ்சியது. விரல் போகாது, ஆனால் இடிக்காது. இதைப் பாக்ஸ் பின்னால் இருக்கும்போது மட்டும் பார்த்துவிட்டுத் துளை போட்டவர்கள், செயின் மாற்றும் நாளில் மேக்னெட்டோவைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள்.

டைனமோவைக் கழற்ற அதை இடப்பக்கமாக உருவ வேண்டும். இ3எல்லின் உடல் 3 அங்குல விட்டம். முன் இடது பிளேட் நேராகக் குறுக்கே நின்றால், டைனமோவுக்குக் கார்பன் பிரஷ் மாற்றவே எஞ்சினை இறக்க வேண்டிவரும். ஆகவே பிளேட்டில் 79 மி.மீ. வட்டத் துளை. மாதிரியில் அது அழகாகத்தான் இருந்தது. துளையின் முன் விளிம்புக்கும் பிளேட்டின் வெளி விளிம்புக்கும் நடுவே மிஞ்சிய உலோகம் மிகக் குறுகிய இடத்தில் 9 மி.மீ. மட்டுமே என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

ஹெட்டை எஞ்சின் ஃப்ரேமில் இருக்கும்போதே கழற்ற முடியுமா, எக்ஸாஸ்ட் பைப் டவுன் டியூபைத் தொடாமல் வெளியே வருமா, கிராங்கேஸ் மூச்சுக்குழாய் எந்த ஸ்பேசருக்கும் அடியில் நசுங்காமல் இருக்குமா: இவையெல்லாம் இந்தக் கட்டத்திலேயே பார்த்து முடிந்தன. பைப் இரண்டும் புதிதாக வளைக்க வேண்டியிருந்தது.

செயின் கோடு

இங்கேதான் முதல் சறுக்கல். பட்டறை எஞ்சினை ஃப்ரேமின் நடுக்கோட்டில் வைத்தது. இரண்டு பக்கமும் 18 மி.மீ. ஸ்பேசர், பார்க்க சமமாக, கண்ணுக்கு நிறைவாக. ஆனால் செயினுக்கு நடுக்கோடு ஒரு பொருட்டே அல்ல. பின் சக்கர ஸ்ப்ராக்கெட் எங்கே நிற்கிறதோ அதற்கு நேராக கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட் நிற்க வேண்டும். கியர்பாக்ஸ் நின்ற இடத்தில் கிளட்ச் நிற்கும். கிளட்ச்சின் பற்களுக்கு நேராக எஞ்சின் ஸ்ப்ராக்கெட் வர வேண்டும். அளவு பின்னாலிருந்து முன்னால்தான் நடக்கும். எஞ்சின் கடைசியில் வருவது, அதற்குக் கிடைத்த இடத்தில் அது உட்கார வேண்டும்.

பின் செயின் கோடு எதிர்பார்த்தபடி சரியாக இருந்தது. இரண்டு பக்கமும் நார்ட்டன் சாமான். பிரைமரியில் 600 மி.மீ. ஸ்டீல் ஸ்கேலைக் கிளட்ச் பற்களின் முகத்தில் படியவைத்து நீட்டியபோது, எஞ்சின் ஸ்ப்ராக்கெட் 5.7 மி.மீ. உள்ளே நின்றது. அந்த எண்ணை வைத்து ஸ்பேசர் கடையப் போகும் நேரத்தில்தான் கிளட்ச் நடு நட் கையால் மட்டும் திருகியிருப்பதைக் கவனித்தார்கள். முழுதாக இறுக்கி, கிராங்கையும் கியர்பாக்ஸ் மெயின் ஷாஃப்ட்டையும் ஒரே பக்கம் தள்ளி மறுபடி அளந்தால் 4.5 மி.மீ. தளர்ந்த நட் 1.2 மி.மீ. பொய் சொல்லியிருந்தது.

எஞ்சினை 4.5 மி.மீ. இடப்பக்கம் தள்ள வேண்டும். பிளேட்டுத் துளைகள் எதையும் தொட வேண்டியதில்லை, ஸ்பேசர்தான் மாறும். இடப்பக்கம் 13.5, வலப்பக்கம் 22.5, முன் பின் இரண்டு இடத்திலும். லேத்தில் ஒரு மாலை வேலை. ஓட்டுபவருக்கு இந்த 4.5 மி.மீ. ஒருபோதும் தெரியாது. சரி செய்யாமல் விட்டிருந்தால் செயினின் பக்கத் தட்டுகள் பற்களைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கும். இறுதி அளவில் விலகல் 0.3 மி.மீட்டருக்குள் வந்தது.

பற்களின் கணக்கு

டிரையம்ஃப் எஞ்சினில் வந்த 24 பல் ஸ்ப்ராக்கெட்டை அப்படியே விடலாம் என்று முதலில் எண்ணம் இருந்தது. கணக்கு அதை மறுத்தது. டிரையம்ஃப் தன் சைட்கார் இல்லாத 650இல் எஞ்சினில் 24, கிளட்ச்சில் 43, கியர்பாக்ஸில் 18, பின்னால் 46 பல் வைத்திருந்தது. டாப் கியர் விகிதம் சுமார் 4.58. இந்த நார்ட்டன் பக்கத்தில் கிளட்ச் 42, கியர்பாக்ஸ் 19, பின் சக்கரம் 43. இதோடு 24 பல்லைச் சேர்த்தால் விகிதம் 3.96 ஆகிறது. மணிக்கு 78 மைலில் எஞ்சின் 4,000 சுற்றுதான் ஓடும். கேட்க நன்றாக இருக்கும், மேட்டில் டாப் கியர் இழுக்காது, புறப்படும்போது கிளட்ச் கருகும். 21 பல் போட்டால் 4.53. டிரையம்ஃப் கொடுத்த விகிதத்துக்கு மிக அருகில். 4,000 சுற்றில் வேகம் சுமார் 68 மைல்.

21க்கும் 42க்கும் 72 கண்ணி செயின். அது நேராக இழுத்து நிற்க, மையத்திலிருந்து மையத்துக்கு 253.6 மி.மீ. வர வேண்டும். கியர்பாக்ஸின் நகர்வு அதற்கு இரு பக்கமும் இருக்கும்படி பின் பிளேட்டின் துளைகள் குறிக்கப்பட்டன. மையத் தூரத்தை முதலில் நிர்ணயித்துவிட்டுச் செயினைத் தேடினால் ஒற்றைப்படை எண்ணில் வந்து நிற்கும், அப்போது அரைக் கண்ணி போட வேண்டும். பிரைமரியில் அரைக் கண்ணி வேண்டவே வேண்டாம்.

எண்ணெய்

வலப்பக்க நார்ட்டன் எண்ணெய்த் தொட்டி தங்கியது. ராக்கர்களுக்குப் போகும் எண்ணெய் டிரையம்ஃபில் திரும்பும் குழாயிலிருந்து பிரிகிறது. அந்த டி-இணைப்பைப் புதிய குழாயில் மறந்துவிட்டால் எஞ்சின் ஓடும், ராக்கர்கள் மட்டும் காய்ந்து தேயும். பிளன்ஜர் பம்ப்புக்குள் காற்று நின்றால் எண்ணெய் இழுக்காது என்பதால், பம்ப்புக்குப் போகும் குழாயை நிரப்பிய பிறகே பூட்டினார்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, தொட்டிக்குள் திரும்பி விழும் எண்ணெய் கண்ணில் படும் வரை கிக்கரை மிதித்தார்கள். டைமிங் கவரில் உள்ள அழுத்தப் பொத்தான் வெளியே தள்ளியதும்தான் மேக்னெட்டோவுக்கு வேலை வந்தது.

ஓட்டத்தில் தெரிந்தவை

முதல் 50 மைலில் எல்லா நட்டும் இறுக்கிப் பார்க்கப்பட்டது. எஞ்சினைப் பிடிக்கும் முன் கீழ் ஸ்டட்டின் (நீள போல்ட்) நட் கால் திருப்பு போனது. 200 மைலில் அதே நட் மறுபடி கால் திருப்பு போனது. இறுக்கியதோடு விட்டுவிட்டார்கள். ஒரே நட் இரண்டு முறை தளர்ந்தால் நட்டில் குறை இல்லை, நட்டுக்கு அடியில் ஏதோ நகர்கிறது. அன்றே பிரித்திருக்க வேண்டும்.

400 மைலுக்குப் பின் 3,800 சுற்றுக்கு மேல் அதிர்வு கூடியதாக வண்டிக்காரர் சொன்னார். முன்பும் இருந்தது, இப்போது கால் வைக்கும் இடத்தில் மரத்துப்போகும் அளவுக்கு. கணக்குப்படி 4,000 சுற்று என்பது 68 மைல் வேகம், அதாவது இங்கிலாந்து மோட்டார்வேயில் 70 மைல் வரம்புக்கு ஒட்டி ஓட்டும்போது வண்டி சரியாக அந்த மோசமான இடத்திலேயே நிற்கும். 640 மைலில் எண்ணெய்த் தொட்டியின் தாங்கியில் ஒரு மயிரிழைக் கீறலைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

பிரித்துப் பார்த்தபோது

எஞ்சினின் உச்சியை ஃப்ரேமோடு பிடிக்கும் ஹெட் ஸ்டெடி இரண்டாக முறிந்திருந்தது. அது 3 மி.மீ. இரும்புப் பட்டையை ஒரு முறை மடக்கிச் செய்தது. ராக்கர் பாக்ஸின் ஒரே போல்ட்டில் பிடித்து ஃப்ரேமின் மேல் குறுக்குக் குழாயில் பூட்டியிருந்தார்கள். மடக்கிய மூலையில்தான் முறிவு. முன் இடது பிளேட்டில் டைனமோ துளையின் விளிம்பிலிருந்து 14 மி.மீ. நீள விரிசல், அந்த 9 மி.மீ. பாலத்தின் குறுக்கே ஓடி வெளி விளிம்பையும் தொட்டு ஓரத்தில் வளைந்திருந்தது. முன் கீழ் ஸ்டட்டின் நட்டை விரலால் திருப்ப முடிந்தது. பிரைமரி செயினிலும் பற்களிலும் தேய்மானம் சீராக இருந்தது. செயின் கோட்டில் செய்த வேலைக்கு அது சாட்சி.

எது முதலில் போனது என்பதை முறிவு முகங்கள் சொல்லின. ஹெட் ஸ்டெடியின் முகம் கறுத்து, எண்ணெய் ஏறி, இரு பக்கமும் உரசி வழவழப்பாகியிருந்தது: பல நூறு மைலுக்கு முன் முறிந்தது. பிளேட்டின் விரிசலைத் திறந்து பார்த்தால் உலோகம் வெள்ளையாகப் பளபளத்தது: புதியது. உச்சியில் பிடிப்பு போனதும் எஞ்சின் தன் கீழ் லக்குகளில் முன்னும் பின்னும் ஆடியது. அந்த ஆட்டம் முழுவதையும் முன் பிளேட்டின் மிக மெல்லிய இடம் வாங்கிக்கொண்டது. துளையின் விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தபோது, விரிசல் தொடங்கிய இடத்தில் குறுக்கான ஒரு அரக் கோடு இருந்தது. அதை யாரும் எமரி தாள் போட்டு மழிக்கவில்லை.

ஹெட் ஸ்டெடி ஏன் அவ்வளவு சீக்கிரம் முறிந்தது? மெல்லியது என்பது பாதி பதில். பொருத்தும்போது பட்டைக்கும் ஃப்ரேம் லக்குக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி இருந்தது. அதைப் போல்ட்டால் இழுத்து மூடினார்கள். அன்றிலிருந்து அந்த மூலை ஓய்விலும் இழுபட்டே இருந்தது. அதிர்வு அதன்மேல் கூடியது.

ஸ்டட் தளர்ந்ததற்குக் காரணம் பவுடர் கோட்டிங். லக் முகங்களில் பூச்சை அப்படியே விட்டு பிளேட்டை வைத்திருந்தார்கள். நெகிழ்வான அந்தப் படலம் இறுக்கத்தின் கீழ் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறும். ஒவ்வொரு முகத்திலும் பத்தில் ஒரு மி.மீ. போனாலும், ஒரே ஸ்டட்டில் இப்படி நாலைந்து முகம் அடுக்கியிருந்தால் நட்டின் இழுவிசை முழுதும் போய்விடும். வாஷர் அடியில் பூச்சு வளையமாகப் பிதுங்கி நின்றது கண்ணுக்கே தெரிந்தது.

நான்காவது காரணத்துக்கு எஞ்சினைத் திறக்க வேண்டியிருந்தது. புது பிஸ்டன் ஒவ்வொன்றும், பிஸ்டன் ஊசி, வளையங்களோடு, பழையதைவிட சராசரியாக 34 கிராம் கூடுதல். இரண்டுக்கும் நடுவே 7 கிராம் வித்தியாசம் வேறு. கிராங்கை பேலன்ஸ் செய்யவில்லை என்பது அப்போது உறுதியானது.

இதைச் சற்று விளக்க வேண்டும். இந்த ட்வினில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஆகவே ஒன்றின் விசையை மற்றொன்று தணிக்காது. அதிர்வு விஷயத்தில் அது பெரிய ஒற்றை சிலிண்டர் மாதிரி. ஃப்ளைவீலின் எதிர்எடை ஏறி இறங்கும் எடையின் ஒரு பங்கைத்தான் ஈடுகட்டும். அந்தப் பங்குதான் பேலன்ஸ் விகிதம். விகிதத்தை ஏற்றினால் மேல்கீழ் ஆட்டம் குறையும், முன்பின் ஆட்டம் கூடும். எது குறைவாக உறுத்தும் என்பதை ஃப்ரேம்தான் தீர்மானிக்கும். அதனால்தான் வேறு ஃப்ரேமுக்குப் போகும் எஞ்சினுக்குப் பழைய விகிதம் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டிரையம்ஃபே 650க்கு இந்த எண்ணை 1960களின் தொடக்கத்தில் 50லிருந்து படிப்படியாக 85 சதவீதம் வரை ஏற்றியது. இந்தக் கிராங்கு 50 சதவீதக் காலத்தது. கூடுதல் பிஸ்டன் எடையோடு கத்திமுனையில் வைத்து அளந்ததில் 46 வந்தது.

மறுபொருத்தம்

கிராங்கு பேலன்ஸ் செய்யும் பட்டறைக்குப் போனது. ஒவ்வொரு கனெக்டிங் ராடின் பெரிய முனையையும் சிறிய முனையையும் தனித்தனியாக நிறுத்தார்கள்: ராடைக் கிடையாக வைத்து, ஒரு முனையைத் தொங்கவிட்டு, மறுமுனையைத் தராசில். பெரிய முனை முழு எடை. சிறிய முனை, பிஸ்டன், ஊசி, வளையம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் 70 சதவீதம். இரண்டையும் சேர்த்த எடையை ஒவ்வொரு கிராங்கு ஊசியிலும் கட்டி, ஃப்ளைவீலின் கிராங்கு ஊசிப் பக்கத்தில் துளையிட்டு உலோகம் எடுத்தார்கள். அதற்கு முன் கனமான பிஸ்டனின் உட்புறத்தை மழித்து இரண்டையும் அரை கிராமுக்குள் கொண்டுவந்தார்கள். 70 என்பது இந்த ஃப்ரேமில் இந்த எஞ்சினுக்குப் பலரும் தேர்ந்தெடுக்கும் எல்லைக்குள் உள்ள எண். விதி இல்லை, தேர்வு.

முன் பிளேட்டுகள் மறுபடி வெட்டப்பட்டன. டைனமோ துளையைச் சுற்றி வெளி விளிம்பை வெளியே தள்ளி, மிகக் குறுகிய இடத்தில் 20 மி.மீ. உலோகம் விட்டார்கள். துளை விளிம்பின் இரு பக்கமும் ஒரு மி.மீ. உருட்டி, அரக் கோடு எதுவும் தெரியாத வரை தேய்த்தார்கள். பார்வைக்கு முந்தையதைவிடக் கொஞ்சம் பருமன். வண்டிக்காரருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் ஒத்துக்கொண்டார்.

எல்லா லக் முகத்திலும் பவுடர் கோட்டிங்கைச் சுரண்டி இரும்பைக் காட்டினார்கள். வாஷர் விட்டத்துக்கு மட்டும். துருப்பிடிக்காமல் மெல்லிய கிரீஸ் பூசி இறுக்கினார்கள்.

ஹெட் ஸ்டெடி 6 மி.மீ. அலுமினியத்தில் இரண்டு முக்கோணத் துண்டாக வந்தது. இடது, வலது ராக்கர் பாக்ஸ் போல்ட்டுகளிலிருந்து மேல் குறுக்குக் குழாயின் லக்குக்கு. வரிசை முக்கியம்: எஞ்சினின் எல்லா ஸ்டட்டையும் முழுதாக இறுக்கிய பிறகே ஸ்டெடியை வைத்துத் துளையைக் குறித்தார்கள். மிஞ்சிய 0.4 மி.மீ. இடைவெளிக்கு ஷிம் (மெல்லிய தகடு) வைத்தார்கள். போல்ட் கையால் தடையின்றி உள்ளே போனது. அப்படிப் போகாத ஹெட் ஸ்டெடி உடையக் காத்திருக்கிறது.

எண்ணெய்த் தொட்டித் தாங்கியைப் பற்றவைத்து, கீழே ரப்பர் புஷ் சேர்த்தார்கள்.

பதிவும் சோதனையும்

இங்கிலாந்தில் வண்டியின் அடையாளம் ஃப்ரேம் எண்ணோடு போகிறது. எஞ்சின் எண் மாறியதை வி5சி பதிவுச் சான்றில் திருத்த வாகனப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ.வுக்குத் தெரிவித்தார்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் சொன்னார்கள். 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2018 மே முதல் எம்.ஓ.டி. என்ற ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயம் இல்லை; ஆனால் கடந்த 30 ஆண்டில் பெரிதாக மாற்றிய வண்டிக்கு அந்த விலக்கு பொருந்தாது. விலக்கு பற்றிய வாதத்துக்குப் போகாமல் சோதனைக்கே கொண்டுபோனார்கள்.

அதன் பிறகு

இரண்டாவது பொருத்தத்துக்குப் பின் 2,300 மைல் ஓடியிருக்கிறது. முன் கீழ் நட் 50 மைலில் சிறிது போனது, 200இலும் 500இலும் அசையவில்லை. அதிர்வு போய்விடவில்லை, இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறும் இந்த 360 பாகை ட்வினில் அது போகாது. 4,000 சுற்றில் இப்போது கால் மரத்துப்போவதில்லை. அதிர்வு கூர்மையாகும் இடம் 5,000 சுற்றுக்கு மேல் நகர்ந்தது, அங்கே இந்த வண்டி அதிகம் நிற்பதில்லை. குளிர்காலத்தில் ஆறு வாரம் நின்ற பிறகு சம்ப்பிலிருந்து 400 மி.லி. எண்ணெய் வடித்தார்கள். பம்ப்பின் பந்து வால்வு மெல்லக் கசிகிறது, அடுத்த முறை டைமிங் கவர் திறக்கும்போது பார்க்க வேண்டும்.

மறுபடி செய்தால்

எஞ்சின் பட்டறைக்கு வந்த அன்றே பிஸ்டன் எடையையும் கிராங்கு பேலன்ஸையும் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் பிளைவுட் வெட்டும் முன் கிராங்கை வெளியே எடுக்க வேண்டும். இங்கே அது இரண்டு முறை எஞ்சினைப் பிரித்த செலவாக முடிந்தது.

கோட்டிங் போடுபவரிடம் ஃப்ரேம் போகும் முன் எல்லா லக் முகத்தையும் டேப் ஒட்டியோ வாஷர் பூட்டியோ மறைத்து அனுப்பலாம். பிறகு சுரண்டுவதைவிட அது சுத்தம்.

செயின் கோட்டைப் பின் சக்கரத்தில் தொடங்கி அளந்து வந்தால் 18 மி.மீ. ஸ்பேசர்கள் நான்கும் குப்பைக்குப் போயிருக்காது. அவை சிறிய செலவுதான். இன்னும் அந்தப் பட்டறையின் ஜன்னலோரத்தில் இருக்கின்றன, பேப்பர் பறக்காமல் இருக்க.